படிவத்தில் ‘செடி’ என்று எழுதினேன்

சென்ற மாதம் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது வேலை செய்யும் பெண் பேசினாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாம்புக்கூடு செய்யவேண்டியிருக்கிறது, அனுமதிக் கடிதமெல்லாம் சரியாக இருக்கிறது, பழைய கோப்பைப் புரட்டியபோது என் கையெழுத்தோடு ஒரு வரைபடம் கிடைத்தது என்றாள்.

“படிவத்தில் செடி என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் செடிக்குச் செய்தது போல இல்லை, பாம்புக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. இதையே செய்துவிடட்டுமா? மிகவும் அழகாக இருக்கிறது.”

“வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்துப் போடு,” என்றேன்.

“ஏன்?”

சீடர் என்ற தேவதாரு மரம் பாம்புக்கு ஆகாது என்று அவளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். முழுப் பதிலுக்கு உரிய ஆள் அவள் இல்லை.

தமிழ்ச் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதும்படி ஆசிரியர் குழுவினர் முன்பே கேட்டிருந்தார்கள். தச்சுத் தொழிலில் சான்றிதழ் பெற்ற தமிழ்ப் பெண் என்று படமும் போடுவார்களாம். போடட்டும். அந்தச் சான்றிதழில் எனக்கு இன்றும் பெருமைதான். முப்பது வயதில் வேலையை விட்டுவிட்டு ‘அனுபவம்’ எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். மரத்தூள் என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருடத்தோடு தொழில் முடிந்தது. அந்தப் பத்து வருடத்தில் நான் செய்த பெட்டிகள் நூற்றுக்கு மேல் இருக்கும். எழுதவேண்டியது ஒன்றைப் பற்றித்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா முதலில் நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து துப்புரவு வேலை செய்தார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதப் பழக்கியதே நான்தான். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் படிவங்களை எல்லாம் நான் நிரப்பினேன். வெகுவிரைவில் ஒன்று பிடிபட்டது. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதினால் இன்னொரு கடிதம் வரும், அதில் இன்னும் ஐந்து கேள்வி இருக்கும். ஒரே சொல்லில், சுத்தமான எழுத்தில், மறு கேள்வி வராதபடி எழுதினால் அலுவல் முடிந்துவிடும். பெரியப்பா எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தபோதும் ‘வீட்டில் எத்தனை பேர்’ என்ற கட்டத்தில் நான்கு என்றுதான் எழுதினேன். அப்பா தலையைத் தடவி, “பிள்ளை கெட்டிக்காரி,” என்றார். அடுத்த வருடமே அயலில் இருந்த தமிழ் வீடுகளும் தங்கள் படிவங்களோடு எங்கள் கதவைத் தட்டத் தொடங்கின.

தச்சுவேலை படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பலகை அரியிறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றார். சொந்தக்காரர்களிடம் “மகள் டிசைன் செய்யிறா” என்று சொல்லிச் சமாளித்தார். இரண்டு வருடம் பள்ளிக்கூடம், இரண்டு வருடம் பயிற்சி, இடது பெருவிரலில் ஒரு தழும்பு. அவ்வளவுதான் என் படிப்பு. சான்றிதழைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டதும் அதே அம்மாதான்.

எங்கள் பட்டறையில் கண்ணாடி முகப்புள்ள பெட்டிகள் செய்தோம். பள்ளிக்கூடங்கள், காட்சிசாலைகள், சில வேளை தனிப்பட்டவர்கள் கேட்டு வருவார்கள். தலைமை வகித்தவர் தூருன் என்ற பெண்மணி. ஐம்பது வயது தாண்டியவர். மேலுதட்டுக்குள் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டலம் அதக்கியிருப்பார், அதனால் தேவைக்கு மேல் வாய் திறக்கமாட்டார். பாராட்டு என்றால் “போதும்” என்பார். திட்டு என்றால் எதுவும் சொல்லாமல் பலகையைத் திருப்பி என் மேசையில் வைப்பார்.

அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது படிவம். ஓடர் எடுத்ததும் நிரப்பவேண்டிய ஒரு தாள். அதில் அளவு, நிறம், விலைக்கெல்லாம் முன்னதாக முதல் வரியில் ஒரு கேள்வி அச்சிட்டிருந்தது: ‘இதற்குள் யார் இருக்கப்போகிறார்?’ பழைய வேதப்புத்தகத்துக்குப் பெட்டி செய்தாலும் அதே கேள்விதான். “வேதப்புத்தகம், ஒன்று, வயதானது,” என்று தூருன் எழுதிய தாளை நானே பார்த்திருக்கிறேன். அந்த வரியைப் பார்க்காமல் அவர் மரம், பசை, வார்னிஷ் எதையும் தீர்மானிக்கமாட்டார்.

இரண்டாவது மூக்கு. உயிருள்ளது எதுவும் இருக்கப்போகும் பெட்டி என்றால் வார்னிஷ் பூசி இரண்டு வாரம் காற்றாட வைப்போம். அதன்பின் உள்ளே விளக்கைப் போட்டுக் கண்ணாடியை மூடி ஒரு நாள் முழுக்கச் சூடேற்றுவோம். மறுநாள் காலை தூருன் புகையிலையைத் துப்பிவிட்டு, முகத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வருவார். கண்ணாடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, இருபது வரை எண்ணுவார். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ பெட்டி திரும்ப என் மேசைக்கு வரும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனைப் பாவித்து ஒருமுறை அப்படி மாட்டினேன். அதில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து இருக்கிறது, மீன்தொட்டிக்குரிய சிலிக்கோன்தான் பாவிக்கவேண்டும். தூருன் அதைக்கூடச் சொல்லவில்லை. குழாயில் பொறித்திருந்த சிறிய எழுத்தை விரலால் காட்டிவிட்டுப் போனார்.

சான்றிதழ் பெற்று இரண்டாம் வருடம், இலையுதிர் காலத்தில், யோகண்ணை என்னைத் தேடி வந்தார். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்குத் தெரியும். ட்ராம் ஓட்டுபவர், ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். மனைவி பிரிந்துபோய்விட்டார். பதினொரு வயது மகள் மீரா ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை மட்டும் வருவாள்.

பட்டறை வாசலில் நின்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கதைத்தார்.

“தங்கச்சி, கண்ணாடிப் பெட்டி ஒண்டு வேணும். செடி வைக்க.”

“என்ன செடி, அண்ணை?”

“இப்பிடி… நீட்டுச் செடி.”

“எவ்வளவு நீட்டு?”

“ஒரு மீட்டர் வரும். மடிஞ்சு சுருண்டுதான் கிடக்கும்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கூட வேலை செய்த ஒருவன் ஊரை விட்டுப் போகும்போது தலையில் கட்டிவிட்டுப் போன சோளப்பாம்பு அது. விஷமில்லாதது, செம்மஞ்சள் நிறம். மகள் அந்த நிறத்துக்காகவே அதற்குக் கரட் கிழங்கின் பெயரை வைத்திருந்தாள்.

“ஊரில பாம்பைக் கண்டா பொல்லுத் தேடுவம், இஞ்ச பெட்டி தேடுறன்,” என்றார். பிறகு குரலைத் தணித்தார். “முந்தி வந்தா ரீவிக்கு முன்னால இருப்பா. பப்பா எண்டு ஒரு சொல்லு வராது. இப்ப வந்த உடன சப்பாத்துக் கழட்ட முந்தி, ‘கரட் எங்க?’ எண்டு கேக்கிறா. பிறகு ரண்டு பேரும் கதைக்கிறம். அதுதான் நல்ல பெட்டியா வேணும். செய்து தருவீரோ?”

அந்த நாளில் நோர்வேயில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. பிறகுதான் சில இனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போனால் குற்றமில்லை, இங்கே பிடிபட்டால் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள். உண்மையை எழுதினால் தூருன் ஓடரை எடுக்கமாட்டார். அது நானாகக் கொண்டுவந்த முதல் ஓடர். படிவத்தை எடுத்தேன். முதல் வரியில், என் நல்ல கையெழுத்தில், ‘செடி’ என்று எழுதினேன். ஒரு சொல். சுத்தமாக.

தூருன் வரைபடத்தைப் பார்த்தார். “செடிக்கு இவ்வளவு காற்றுத்துளையா?”

“ஈரம் வெளியே போகவேண்டும்.”

“கண்ணாடிக்குப் பூட்டு?”

“வீட்டில் பிள்ளை இருக்கிறாள்.”

தாளை மேசையில் வைத்துப் பென்சிலை எடுத்தார். பிறகு, “செடியென்றால் ஈரம். உட்புறத்துக்குச் சீடர் போடு, உக்காது. மேலே வார்னிஷ் வேண்டாம்,” என்றார்.

செடிக்கு அது மிகச் சரியான தெரிவு. எனக்குத் தெரிந்த மற்றக் கவனங்கள் எல்லாவற்றையும் நான் களவாகச் செய்தேன். பாம்பு மூக்கை உரசிப் புண்ணாக்கும் என்று கம்பிவலையைத் தவிர்த்து, துளைகளை ஒவ்வொன்றாக மினுக்கினேன். ஆணி முனை ஒன்றும் உள்ளே தெரியவிடவில்லை. விளக்கில் உடல் படாதபடி கூடு போட்டேன். மூலைகளுக்கு மீன்தொட்டிச் சிலிக்கோன் இட்டேன். சீடரைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியாது. அதன் வாசனையில் மயங்கிப்போயிருந்தேன். வாசமுள்ள மரம் என்றால் நமக்கு உயர்ந்த மரம்தானே. அரியும்போதெல்லாம் பட்டறை கோயில் போல மணந்தது. யோகண்ணைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அரிந்தேன்.

சூடேற்றிய மறுநாள் தூருன் தலையை உள்ளே விட்டு இருபது எண்ணினார். “சவுனாக் குளியலறை போல மணக்கிறது,” என்றார். “செடிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. போதும்.”

பெட்டி அம்மருட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கரட் அதற்குள் வந்து சேர்ந்த படத்தை மீரா கைத்தொலைபேசியில் அனுப்பினாள்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகண்ணை தொலைபேசி எடுத்தார். “தங்கச்சி, உம்மட்டக் கேட்டா ஏதும் தெரியுமோ எண்டு எடுத்தனான். வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுது. கொட்டாவி விடுற மாதிரி. ரண்டு கிழமையாச் சாப்பிடவும் இல்லை. மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோகவும் ஏலாது, உமக்குத் தெரியும்தானே.”

“குளிருக்குச் சளியாயிருக்கும், அண்ணை. விளக்கைக் கூட நேரம் விடுங்கோ,” என்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும். சூட்டைக் கூட்டச் சொன்னது நான்.

மறுநாள் காலை தூருன் மேசைக்கு ஒரு புதிய ஓடர் வந்தது. அனுமதி பெற்ற ஒரு காட்சிசாலைக்கு, இரண்டு பாம்புகளுக்கான கூடு. முதல் வரியில் ‘பாம்பு’ என்று இருப்பதைக் கண்டதும் தூருன் என்னைக் கூப்பிட்டார். அன்று அவர் பேசியது போல அதற்கு முன்னும் பின்னும் நீளமாகப் பேசியதில்லை.

“பிர்ச் பிளைவூட் எடு. தண்ணீர் வார்னிஷ் மூன்று தரம். பைன் வேண்டாம், பிசின் இருக்கிறது. மொட்டைமாடிக்குப் போடும் மருந்தடித்த பலகை வேண்டவே வேண்டாம். சீடரைக் கிட்டவும் கொண்டுபோகாதே.”

“சீடர்… ஏன்?”

“பூச்சி ஏன் அதைத் தின்பதில்லை? உள்ளே இருக்கும் எண்ணெய். சூடு பட்டால் காற்றில் வந்துவிடும். நமக்கு அது வாசனை. பாம்புக்கு ஒரே ஒரு நுரையீரல்தான் ஒழுங்காக வேலை செய்யும். இருமித் துப்பவும் அதனால் முடியாது. முழு நாளும் அதற்குள்ளேதானே கிடக்கவேண்டும்?”

கையில் இருந்த அளவுகோலைக் கீழே வைத்தேன். சொல்லியிருக்கலாம். தூருன் என்ன செய்வது என்று சொல்லியிருப்பார், யாரையாவது தெரிந்தும் இருப்பார். “விளங்கியது,” என்று மட்டும் சொன்னேன்.

வேலை முடிந்ததும் தே-பான என்ற சுரங்க ரயிலில் நேராக அம்மருட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மீரா. அன்று அவளுடைய நாள் இல்லை, பாம்புக்குச் சுகமில்லை என்று அழுது அடம்பிடித்து வந்திருந்தாள். பெட்டிக்கு முன்னால் தரையில் தலையணை போட்டிருந்தது. உள்ளே கரட் கழுத்தை உயர்த்தி, வாயை மெல்லத் திறந்து மூடியது. வாயோரம் சிறு நுரை.

“அண்ணை, இதைக் கொஞ்ச நாளைக்குப் பிளாஸ்டிக் பெட்டி ஒண்டுக்க மாத்தி வையுங்கோ,” என்றேன்.

“ஏன், பெட்டியில ஏதும் பிழையோ?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் சான்றிதழைப் பற்றி மகளிடம் அவர் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். எங்கட பிள்ளையள் செய்யாத வேலை, இந்த அக்கா படிச்சுச் செய்யிறா என்று.

“பிழையொண்டும் இல்லை. கண்ணாடி ஓடுற தடத்தை ஒருக்காச் சரிபார்க்கவேணும். அதுமட்டும்தான்.”

“அவன் மாறத்தான் வேணுமா?” என்று மீரா நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“கொஞ்ச நாளைக்கு,” என்றேன்.

உடுப்பு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியொன்றில் துளையிட்டு, பாம்பை மாற்றி, கீழே சுடுநீர்ப் போத்தல் வைத்தோம். ஆறும்போதெல்லாம் மாற்றவேண்டும் என்று சொன்னேன். விளக்கு வைக்க முடியவில்லை, பிளாஸ்டிக் உருகிவிடும். காரணத்தைச் சொல்லாமல், செய்யவேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படிவம் நிரப்புவதைப் போல.

யோகண்ணைக்கு அந்த வாரம் விடியற்காலை வேலை. வேலைக்குப் போய் வரும்வரை போத்தலை மாற்ற ஆளில்லை. இரண்டாம் நாள் மாலை வந்து பார்த்தபோது பாம்பு சில்லிட்டுக் கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே நான் செய்த பெட்டி, விளக்கோடு, சூடாக, மணத்தோடு நிற்கிறது. அதில் பிழையொன்றும் இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். திருப்பி அதற்குள்ளேயே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை எடுத்தார்.

“கரட் எங்களை விட்டுப் போட்டுது, தங்கச்சி.”

கைத்தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மீரா பாத்திட்டா. ‘பப்பா, நீதான் அவனைக் குளிருக்க போட்டு விறைக்கப் பண்ணினனி’ எண்டா. நான் ஓமெண்டன். வேறென்ன சொல்ல? ரண்டு நாள் விறைச்சுத்தானே கிடந்தது.”

“உங்களில பிழையில்லை, அண்ணை.”

“அப்ப ஆரில?”

அவர் உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு இருந்த சில விநாடிகளில்தான் என் பத்து வருட வேலையும் இருக்கிறது.

“வயசு போன பாம்பாயிருக்கும்,” என்றேன்.

“ஓம்… இருக்கும்,” என்றார், என் மனம் நோகாமல் இருக்க.

நிலம் இறுகிக் கிடந்ததால் புதைக்கவும் முடியவில்லை. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துப் பல்கனியில் சித்திரை வரை வைத்திருந்து, பனி உருகியபின் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டோரம் தனியாகப் போய்ப் புதைத்தாராம். மீரா வரவில்லை.

அந்த வருடம் நவராத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார். வரவேற்பறையில் என் பெட்டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி. பாம்புக்குப் போட்ட விளக்கு சாமிக்கு எரிந்துகொண்டிருந்தது. “கிட்ட வந்து மணந்து பாருங்கோ, சாமிக்கெண்டே செய்த மாதிரி. இந்தப் பிள்ளைதான் செய்தது,” என்று வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். ஒவ்வொருவராகத் தலையை உள்ளே விட்டு மணந்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். கையில் தந்த கடலையைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

“மீரா எங்க, அண்ணை?”

“இப்ப வாறது குறைவு. படிப்பு, சிநேகிதம்… அவவுக்கும் அலுவல்தானே.”

அதன் பிறகும் ஐந்து வருடம் வேலை செய்தேன். இருமல் தொடங்கி, இரவில் மூச்சு வாங்கி, கடைசியில் வைத்தியர் ஒரு படிவம் தந்தார்: இதுவரை எந்தெந்த மரங்களோடு, பசைகளோடு வேலை செய்திருக்கிறீர்கள்? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தை ஒன்றும் விடாமல் நிரப்பினேன். இரண்டு பக்கம் வந்தது.

கடைசி நாளன்று தூருன் கோப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். என் ‘செடி’. பக்கத்தில் மெல்லிய பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அன்றைக்கே போட்டிருக்கிறார்.

“அந்தச் செடி எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“செத்துப்போனது.”

“நான் கேட்டிருக்கவேண்டும்,” என்றார். தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தார்.

சென்ற மாதம் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் நானே எடுத்தேன். தாளைக் கிழித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். “கிழிக்காதே. ‘செடி’ என்பதை வெட்டிவிட்டு, ‘சோளப்பாம்பு, ஒன்று, பெயர் கரட்’ என்று எழுது. அதற்குக் கீழே, சிவப்புப் பேனையால், ‘சீடர் போட்டோம், இறந்தது’ என்று எழுது. என் பெயரையும் போடு,” என்றேன். சீடர்தான் கொன்றது என்று அறுத்துப் பார்த்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை. ஆனால் இனி ஒருவர் அதே பெட்டியைச் செய்யாமலிருக்க அவ்வளவு போதும்.

யோகண்ணை, இந்த மலர் வருடாவருடம் உங்கள் வீட்டுக்கு வரும், முதற்பக்கத்திலிருந்து விளம்பரம் வரை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். கரட் உங்கள் குளிரில் சாகவில்லை. நான் செய்த பெட்டிக்குள் மூச்சுவிட்டுத்தான் செத்தது. நீங்கள் அதைப் பெட்டிக்கு வெளியே வைத்திருந்த இரண்டு நாள்தான் அதற்குக் கிடைத்த ஒரே நல்ல காற்று. பெட்டியிலிருந்து சாமிகளை எடுக்கவேண்டியதில்லை, அந்த மரம் அவர்களை ஒன்றும் செய்யாது.

மீராவுக்கு இப்போது பதினெட்டு வயதாகியிருக்கும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி இதை வாசித்துக் காட்டுங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாள். அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவேண்டாம். நான் வந்து சொல்கிறேன்.